கடலடிக் கணக்கு

காலண்டரில் பால் கணக்குக் குறிக்காத வீடு உண்டா, சொல்லுங்கள்! மாதக் கடைசியில் தகராறு வந்தால் அந்தக் கிறுக்கல்தானே நமக்குச் சாட்சி? என் அக்கா இதில் படு கெட்டி. அவளே ஒரு கணக்கை நம்ப மறுத்தாள்.

கணக்கு அவள் பெண்ணுடையது. லீவு கிடைத்தால் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலில் முங்கப் போய்விடுவாள். ஸ்கூபா என்கிறார்களே, அதுதான். போன தை மாதம் அந்தமானில் இருந்தாள். மறுநாள் காலை 6-30 விமானத்தில் சென்னை வந்து, தாத்தாவின் சதாபிஷேகத்தில் கலந்துகொள்வதாக ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலம் போன் வந்தது. "அம்மா, நான் மத்தியான விமானத்தில்தான் வருவேன்."

"தாத்தாவுக்கு என்ன, வருஷா வருஷமா சதாபிஷேகம்?" என்று அக்கா போட்ட கூச்சல் எங்கள் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

விஷயம் இதுதான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. அப்போது சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்ந்துவிடும். கைமாற்றுக் கடன் மாதிரி, மேலே வந்த பிறகு சிறுகச் சிறுகத்தான் தீரும். தீருமுன் விமானம் ஏறினால், அங்கே அழுத்தம் குறைவல்லவா? சோடா புட்டியைத் திறந்தாற்போல் உடம்புக்குள் குமிழி கட்டலாம். மூட்டு வலியோடு போனால் அதிர்ஷ்டம். கை கால் விழுந்துபோவதும் உண்டு. பல தடவை முங்கியவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பது முங்குவோர் கைக்கொள்ளும் விதி.

காலையில் இரண்டு முறை முங்கிவிட்டு மத்தியானத்துக்குள் கரையேறுவதாகத்தான் முதலில் திட்டம். சிநேகிதிகள் வற்புறுத்தினார்கள் என்று மூன்றாவது தடவையும் இறங்கிவிட்டாள். மணிக்கட்டில் கடிகாரம் போல ஒரு கருவி. சில விநாடிக்கு ஒரு தரம் ஆழத்தையும் உஷ்ணத்தையும் அது பதிந்துகொண்டே வரும். சாயங்காலம் அதைப் போனுக்கு மாற்றியபோதுதான் கடைசியாக வெளியே வந்த நேரம் கண்ணில் பட்டது: 3-10. விரல் விட்டு எண்ணினாள். காலை 6-30க்கு 15 மணி 20 நிமிஷந்தான் ஆகிறது!

இப்படிக் கணக்கு வைக்க எத்தனையோ மென்பொருள்கள் இருக்கின்றன. லினக்ஸை உண்டாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் இந்த முங்கும் பைத்தியம் உண்டு; 2011-ல் தாமே 'சப்சர்ஃபேஸ்' என்று ஒன்றை எழுத ஆரம்பித்தார். அதற்குக் காசு கிடையாது.

ஆனால் கருவிக்குத் தெரியாததை நாம்தானே எழுத வேண்டும்? பெண் மறுநாள் மாலை வந்து சேர்ந்து, போனை அம்மாவிடம் நீட்டினாள். ஏறி இறங்கும் கோட்டுக்குக் கீழே அவள் தட்டி வைத்திருந்தது: "உருளையில் காற்று 200-ல் தொடங்கி 60-ல் மேலே வந்தேன். இடுப்பில் 6 கிலோ ஈயம் அதிகம். அடுத்த தடவை 5 போதும்." மூன்றாவது முங்கலுக்குக் கீழே ஒரே வரி: "தாத்தா விசேஷத்தை நினைத்து இதற்குப் போகாமல் இருந்திருக்க வேண்டும்."

அக்கா அதை இரண்டு தரம் படித்தாள். "லட்டு எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் தாத்தாவுக்கு நமஸ்காரம் பண்ணிவிட்டு வா" என்றாள்.