சினைமாட்டுக்கு முன்கூட்டியே கால்சியம் ஊற்றுவது காப்பாகாது

கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளில் சினை ஏழு, எட்டு மாதம் ஆனதும் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. கன்று போட்டதும் மாடு படுத்துவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் நியாயமானது. பால் காய்ச்சல் கண்ட மாட்டைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். காது சில்லிட்டு, மூக்கு நுனி காய்ந்து, கழுத்தை வளைத்துத் தலையை விலாவின் மேல் சாய்த்துக் கிடக்கும், எழுப்பினாலும் எழாது. ரத்தத்தில் கால்சியம் குறைந்ததால் வரும் நிலை இது. அப்படியானால் முன்கூட்டியே கால்சியம் நிறையக் கொடுத்துவிட்டால் நோய் வராது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மாட்டின் உடல் அந்தக் கணக்கின்படி இயங்குவதில்லை. கன்று ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரங்களில் ஊற்றும் கால்சியத்துக்குச் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் வீண். காக்க வேண்டிய இடம் வேறு.

கணக்கைப் பார்ப்போம். உடலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் எலும்பில் இருக்கிறது. ரத்த நீரில் எந்த நேரத்திலும் ஓடுவது சுமார் 3 கிராம்தான். ஒரு லிட்டர் சீம்பாலில் 2 கிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. முதல் நாள் ஆறு லிட்டர் சீம்பால் சுரக்கும் மாடு, ரத்தத்தில் உள்ளதைப் போல நான்கு மடங்கை மடியில் இறக்கிவிடுகிறது. சினையின் கடைசிக் கட்டத்திலோ வயிற்றுக் கன்றின் எலும்புக்கும் உடலின் அன்றாட இழப்புக்கும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 15 கிராம் போதும். தேவை குறைவாக இருக்கும் அந்த நாள்களில் குடல் தன் கதவைப் பாதி சாத்தியே வைத்திருக்கும். எவ்வளவு ஊற்றினாலும் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைச் சாணத்தோடு கழித்துவிடும். கன்று விழுந்த அன்று தேவை திடீரென்று ஏறும்போது, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனை விடுகின்றன. அதன் தூண்டுதலில் சிறுநீரகம் வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அது போய்க் குடலைத் தட்டி எழுப்பச் சுமார் ஒரு நாள் ஆகும். எலும்பு கரைந்து கால்சியத்தை விடுவிக்க இரண்டு நாள் வரை ஆகும். இந்த இடைவெளியில் தாக்குப்பிடிக்காத மாடுதான் படுத்துவிடுகிறது. எலும்பில் கிலோக் கணக்கில் கால்சியம் இருக்கும்போதே இது நடக்கிறது. ஆகவே இருப்பு போதவில்லை என்பதல்ல சிக்கல். இருப்பை உரிய நேரத்தில் எடுக்க முடியவில்லை என்பதே சிக்கல்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1954-லேயே கலிபோர்னியாவில் போடா, கோல் என்ற இரு ஆய்வாளர்கள், கன்று ஈனும் முன் கால்சியம் குறைந்த தீவனம் தின்ற மாடுகளுக்கே பால் காய்ச்சல் குறைந்ததைக் காட்டினார்கள். பற்றாக்குறையை முன்பே உணர்ந்த உடல் ஹார்மோனைச் சுரந்து தயாராக இருந்ததுதான் காரணம். 1997-ல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கோஃப், ஹார்ஸ்ட் இருவரும் ஜெர்சி மாடுகளில் செய்த ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போனது. தீவனத்தில் கால்சியத்தைக் கூட்டியபோது நோய் கூடவில்லை. பொட்டாசியத்தையோ சோடியத்தையோ கூட்டியபோது கூடியது. பொட்டாசியம் மிகுந்தால் உடல் காரத்தன்மை அடைகிறது. அந்த நிலையில் எலும்பும் சிறுநீரகமும் பாராதைராய்டு ஹார்மோனுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. கால்சியம் கூடியதால் கேடில்லையே என்று இதை வைத்து வாதிடலாம். கேடில்லை என்பது வேறு, காப்பு என்பது வேறு. கூடுதல் கால்சியம் மாடுகளைக் காத்ததாக இந்த இரண்டு ஆய்வுகளில் எதுவும் காட்டவில்லை.

பொட்டாசியம் என்றதும் நம் தொழுவங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாடு தின்னும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி மூத்திரத்தில்தான் வெளியேறுகிறது. தொழுவம் கழுவிய தண்ணீர் வாய்க்கால் வழியாக எங்கே போகிறது? பெரும்பாலும் பக்கத்திலுள்ள கம்பு நேப்பியர் புல்லுக்கு. புல் தனக்கு வேண்டியதற்கும் மேலாகப் பொட்டாசியத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும் அந்தப் புல்லை அறுத்து, பிரசவத்துக்குக் காத்திருக்கும் மாட்டுக்கே அன்போடு போடுகிறோம். இதே பொட்டாசியம் இன்னொரு கேட்டையும் செய்கிறது: மக்னீசியத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. மாடு மக்னீசியத்தை முதல் வயிற்றின் சுவர் வழியாக எடுத்துக்கொள்கிறது. அவசரத்துக்கு எடுக்கக்கூடிய சேமிப்பு அதற்கு இல்லை. அளவைச் சீர்படுத்தத் தனி ஹார்மோனும் இல்லை. அன்றன்றைக்குத் தீவனத்தில் வந்தால்தான் உண்டு. மக்னீசியம் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சுரப்பதும் தடைபடும், வேலை செய்வதும் தடைபடும். கால்சியத்தைத் தேடி அலைகிறோம். கோளாறோ பொட்டாசியத்திலும் மக்னீசியத்திலும் இருக்கிறது.

“வெளிநாட்டில் முப்பது, நாற்பது லிட்டர் கறக்கும் மாட்டுக்குச் சொன்னதை வைக்கோல் தின்னும் நம் மாட்டுக்குச் சொல்லலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. வலுவான கேள்விதான். நெல் வைக்கோலில் கால்சியம் குறைவு. இருப்பதிலும் ஒரு பகுதியை ஆக்சலேட் கட்டிப்போட்டுவிடுகிறது. வைக்கோலும் தவிடுமே தின்று வாழும் மாட்டுக்குத் தாதுப் பற்றாக்குறை இருப்பது உண்மை. அதனால்தான் தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுக்கச் சொல்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தவும் கூடாது. ஐம்பது கிராம் கலவையில் சேர்வது சுமார் 10 கிராம் கால்சியம்தான். கூடவே பாஸ்பரஸ், துத்தநாகம், தாமிரம் என்று வேறு உப்புகளும் கிடைக்கின்றன. ஆண்டு முழுவதும் அளவாகக் கொடுப்பதும், கடைசி மாதத்தில் பாட்டில் பாட்டிலாக ஊற்றுவதும் ஒன்றல்ல. அதிலும் கலப்பின ஜெர்சி மாடு நிறைந்த நம் ஊர்களில் அலட்சியம் கூடாது. மற்ற இனங்களைவிட ஜெர்சிக்கே பால் காய்ச்சல் அதிகம் வரும், மூன்றாம் ஈற்றிலிருந்து இன்னும் கூடும்.

டாக்டர் ஊசியில் கால்சியம் ஏற்றியதும் மாடு எழுந்து நிற்கிறதே என்பது அடுத்த கேள்வி. ஆம், பல சமயம் மணிக்கணக்கில்கூட ஆகாது. இடைவெளியைக் கடக்க உதவும் உயிர்காக்கும் சிகிச்சை அது. மூன்று ஈற்றுக்கு மேல் கண்ட மாட்டுக்குக் கன்று விழுந்த உடனே வாய்வழிக் கால்சியம் கொடுப்பதிலும் பொருளுண்டு. அப்போதுதான் மடி இழுக்கிறது. ஆனால் படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. விழுங்கும் வலு இருக்காது, நுரையீரலுக்குள் போய்விடும்.

மேலை நாடுகளில் உடலை லேசான அமிலத் தன்மைக்குக் கொண்டுவரும் உப்புகளைத் தீவனத்தில் கலந்து, மூத்திரத்தின் பிஎச் அளவைச் சோதித்துப் பார்க்கிறார்கள். இரண்டு மாடு வைத்திருப்பவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அவரால் முடிந்தது உண்டு: கடைசி மூன்று வாரம் தொழுவத் தண்ணீர் பாய்ந்த புல்லை வேறு மாட்டுக்குப் போட்டுவிட்டு, சினைமாட்டுக்குச் சோளத்தட்டையோ மக்காச்சோளத்தட்டையோ போடலாம், பொட்டாசியம் மிகுந்த வெல்லப்பாகைக் குறைக்கலாம், மக்னீசியம் சேர்ப்பது பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்கலாம். பால் கூட்டுறவு சங்கங்களும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் ஒன்று செய்ய வேண்டும். தாது உப்புப் பையிலும் கால்சியம் பாட்டிலிலும், கறவை மாட்டுக்கு எவ்வளவு, கன்று ஈனக் காத்திருக்கும் மாட்டுக்கு எவ்வளவு, எப்போது என்று தனித்தனியாகப் பெரிய எழுத்தில், தமிழில் அச்சிடச் செய்யுங்கள்.