ஏரியின் அளவு போனில் தெரியுது... குழாய்த் தண்ணீரின் அளவு?

மழை வலுத்தால் பூந்தமல்லி, சென்னீர்குப்பம் பக்கம் பலரும் முதலில் தேடுவது செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைத்தான். 24 அடியில் இன்று எத்தனை அடி, நீர்வரத்து எவ்வளவு என்பதெல்லாம் சென்னைக் குடிநீர் வாரிய இணையதளத்தில் தினமும் வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்த எண்ணைப் பார்ப்பது பழக்கமாகவே ஆகிவிட்டது.

ஆனால், ஏரிக்குச் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அபார்ட்மென்ட்டில் நேற்று எவ்வளவு தண்ணீர் செலவானது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. வாட்ஸ்அப் குரூப்பில் "லாரி எப்போ வரும்?" என்ற கேள்விதான் இருக்கும்.

சிக்கல் எங்கே?

ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அங்குள்ள சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர். அதுவரை எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அதன்பிறகுதான் இருட்டு. சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டர் கிடையாது. எவ்வளவு பிடித்தாலும் ஒரே மாதக் கட்டணம். புறநகரின் போர்வெல் தண்ணீருக்கோ எந்தக் கணக்கும் இல்லை. கசிவு எவ்வளவு, திருட்டு எவ்வளவு, உண்மையான பயன்பாடு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

2019 ஜூனில் நகரின் நான்கு முக்கிய ஏரிகளும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. 2024-ல் நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் புதிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. தேவையான திட்டம்தான். ஆனால், அதிக மின்சாரம் செலவழித்து எடுக்கும் தண்ணீரை ஓட்டைக் குழாயில் விடலாமா?

டிஜிட்டல் எப்படி உதவும்?

குழாய் வலையமைப்பைச் சிறு சிறு மண்டலங்களாகப் பிரிக்க வேண்டும். மண்டலத்தின் நுழைவில் ஒரு மீட்டர், வீடுகளில் ஸ்மார்ட் மீட்டர். உள்ளே போனதற்கும் வீடுகளுக்குச் சேர்ந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் இழப்பு. 24 மணி நேரமும் தண்ணீர் வரும் ஊர்களில், நள்ளிரவு 2 மணிக்கு ஊரே தூங்கும்போதும் நீரோட்டம் அதிகமாக இருந்தால் எங்கோ கசிகிறது என்று பிடித்துவிடலாம்.

இங்கே சில மணி நேரம் மட்டுமே தண்ணீர் விடுவதால் அந்த வழி அப்படியே பலிக்காது. தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும். விரிசல் வழியே கழிவுநீர் உள்ளே புகும் ஆபத்தும் உண்டு. எனவே அழுத்தத்தைக் காட்டும் சென்சார் வைத்து, கசிவை அடைத்து, மண்டலம் மண்டலமாகத் தொடர் விநியோகத்துக்கு மாறுவதே வழி. நடக்காத காரியமல்ல; 2021 ஜூலையில் ஒடிசாவின் பூரி நகரம் 24 மணி நேரமும் குழாயிலேயே குடிக்கத்தக்க தண்ணீர் தரத் தொடங்கியது.

மீட்டர் வந்தால் பில் எகிறுமா?

இந்தப் பயம் நியாயமானது. இதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 2015-ல் டெல்லியில் மாதம் 20,000 லிட்டர் வரை இலவசம் என அறிவிக்கப்பட்டது. ஆனால், இயங்கும் மீட்டர் உள்ள வீட்டுக்கு மட்டும். பெருநகரங்களுக்கு மத்திய அரசு பரிந்துரைக்கும் அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர். நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் சுமார் 18,000 லிட்டர்தான் ஆகும். அப்படிப்பட்ட வரம்பு இருந்தால் அளவாகப் புழங்கும் குடும்பத்துக்கு மீட்டர் சுமையாகாது. நீச்சல் குளத்துக்கும் கார் கழுவவும் கொட்டுபவர்தான் பணம் கட்டுவார்.

எங்கே தொடங்குவது?

நகரின் நடுவில் அல்ல, போர்வெல்லையும் லாரியையும் நம்பியிருக்கும் சென்னீர்குப்பம் போன்ற புறநகரில். இங்கு புதுக் குழாய் பதிக்கும்போதே மீட்டரும் சென்சாரும் சேர்ந்து வர வேண்டும். பிறகு ரோட்டைத் தோண்டினால் செலவு இரட்டிப்பு. டேங்கர் நிரப்பும் இடங்களிலும் மீட்டர் கட்டாயமாக வேண்டும். அந்தத் தண்ணீரும் யாரோ ஒருவரின் கிணற்றடி நீர்தான்.

கிடைக்கும் கணக்கு அதிகாரிகளின் கம்ப்யூட்டரோடு நின்றுவிடக் கூடாது. ஏரி நீர்மட்டம் வரும் அதே இணையதளத்தில், எந்தப் பகுதிக்கு எவ்வளவு தண்ணீர் விட்டார்கள், எவ்வளவு வீணானது என்பதும் தினமும் வர வேண்டும். அப்போதுதான் லாரிக்குக் காசு கொடுப்பவர், தன் பங்கு எங்கே போனது என்று கேட்க முடியும்.