புத்தகம் சொல்லும் மணியும் நம் பிள்ளைகள் உழைக்கும் மணியும்

தோட்டத்துத் தோழர்களே! நம் பிள்ளைகள் பலர் இன்று டவுனில் கார் பட்டறை வேலைக்குப் போகிறார்கள். அந்தத் தொழிலில் உள்ள ஒரு கூலிக் கணக்கை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கார் கம்பெனிகள் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி என்று புத்தகம் போட்டு வைத்திருக்கின்றன. ஒரு வேலைக்கு 2 மணி என்று வைத்துக்கொள்வோம். கைதேர்ந்தவர் 1 மணியில் முடித்தாலும் பில்லில் 2 மணிக் கூலிதான். துருப்பிடித்த போல்ட்டோடு 4 மணி மல்லுக்கட்டினாலும் அதே 2 மணிதான்.

வண்டிக்காரருக்கு இதில் ஒரு நியாயம் உண்டு. செலவு முன்கூட்டியே தெரிந்துவிடும். பட்டறைக்காரர் இழுத்தடித்தால் அதற்கு இவர் காசு கட்ட வேண்டாம். இதை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் அமெரிக்காவில் பல பட்டறைகள் மெக்கானிக்கின் சம்பளத்தையும் இதே புத்தகத்தை வைத்துத்தான் போடுகின்றன. வண்டி வரவில்லையா, கூலி இல்லை. சாமான் வரக் காத்திருந்தாலும் கூலி இல்லை. வேலை கொடுக்க வேண்டியது முதலாளி. கொடுக்காத நேரத்துக்கு நட்டம் மட்டும் தொழிலாளிக்கா? போதாக்குறைக்கு, அவசரத்தில் வேலை கெட்டால் வண்டிக்காரருக்கும் ஆபத்து.

இந்த வலி நமக்குப் புதுசா? விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் நின்று, மழை கொட்டி, வெட்டு இல்லாமல் திரும்பிய நாட்களை நாம் மறக்கவில்லை. மழைக்கு நாம் பொறுப்பா என்று அன்று கேட்டோம். வண்டி வராததற்கு மெக்கானிக் பொறுப்பா என்பதும் அதே கேள்விதான்.

2013-ல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. காத்திருக்கும் நேரமும் வேலை நேரம்தான். அதற்குத் தனியாகக் கூலி கொடு என்றது. மொத்தத்தில் குறைந்தபட்ச சம்பளம் வந்துவிட்டதே என்று முதலாளி தரப்பு வாதாடியது. அது எடுபடவில்லை.

நம் நாட்டிலும் துண்டுக் கூலிக்காரரைச் சட்டம் கைவிடவில்லை. 2025 பிப்ரவரி முதல் 5 பேருக்கு மேற்பட்ட இடங்களிலும், 5 பேர் உள்ள இடங்களிலும், ஆகஸ்டு முதல் எல்லா இடங்களிலும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. துண்டுக் கணக்கு, எடைக் கணக்கு எதுவானாலும் மாதக் கடைசியில் அதற்குக் குறையக் கூடாது. ஆனால் இது மாதத் தொகையைத்தான் பார்க்கிறது. காத்திருந்த மணிக்குத் தனிக்கூலி என்பது நாம் இனிக் கேட்டு வாங்க வேண்டியது.

ஆகவே பட்டறையில் சேரும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? சும்மா நிற்கும் நேரத்துக்கு என்ன கணக்கு? இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள். சம்பளச் சீட்டைப் பத்திரமாக வை. குறைந்தால் சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ போ. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்!