ஆறு பாட்டில் போதும்

வீட்டில் பார் என்றாலே நம்மவர்களுக்குப் பழைய சினிமாதான் ஞாபகம் வரும். மாடிப்படிக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரி, நைட் கவுன் போட்ட பணக்கார வில்லன், கையில் ஒரு கிளாஸ். நடுத்தரக் குடும்பத்துக்கு அதெல்லாம் ஆகாது என்று ஒதுக்கிவிட்டு, குடிக்கிறவர்கள் வெளியே போய்க் குடிக்கிறோம்.

டெல்லியில் அந்த 'வெளியே'வுக்கு ஒரு பெயரே உண்டு. கார்-ஓ-பார். மார்க்கெட் ஓரமாக வண்டியை நிறுத்தி, டேஷ்போர்டில் பிளாஸ்டிக் டம்ளர், மடியில் வேர்க்கடலை. முடிந்ததும் அதே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் வரலாம், ஆறு மாதம் வரை உள்ளேயும் போகலாம். எதிரே ஸ்கூட்டரில் வருகிறவர் கதி தனி.

அதனால் என் கட்சி இதுதான். குடிக்கிற பழக்கம் இருந்தால் வீட்டிலேயே ஒரு பார் இருக்கட்டும். ஆனால் சின்னதாக இருக்கட்டும்.

எங்கள் துவாரகா ஃப்ளாட்டில் நானே செய்தேன். பிகாம் படித்தவனுக்குத் தச்சு வேலை வருமா என்று கேட்காதீர்கள், இது வெறும் பெட்டி. 18 எம்எம் ப்ளைவுட்டை அளவு சொல்லிக் கடையிலேயே அறுத்து வாங்கிக்கொண்டேன். அகலம் 2 அடி, ஆழம் 1 அடி, உயரம் மூன்றரை அடி. நின்றுகொண்டு கிளாஸ் வைக்க அந்த உயரம் சரியாக இருக்கும். பாட்டில் தட்டுக்கு 14 அங்குல இடைவெளி, அதற்குக் கீழே கிளாஸ், அடியில் சோடா. ஸ்க்ரூ போடும் முன் சின்ன ஓட்டை போட்டுக்கொண்டால் ப்ளை பிளக்காது. ஆழம் குறைவு, சாயக்கூடும் என்பதால் சுவரோடு ஒரே ஒரு எல் பிராக்கெட். வாடகை வீட்டுக்காரர் அந்த இரண்டு ஓட்டையை மன்னிப்பார்.

மேல் பலகைக்கு சன்மைக்கா ஒட்டுங்கள், அல்லது கிரானைட் துண்டு போடுங்கள். அழகாக இருக்கிறதே என்று பிரெஞ்சு பாலிஷ் அடித்துவிடாதீர்கள். அது அரக்கு, அரக்கைக் கரைப்பதே ஆல்கஹால்தான். வெயில் விழும் சுவரும் பால்கனியும் வேண்டாம், டெல்லி மே மாதம் எதையும் விட்டுவைக்காது.

இனி சட்டம். டெல்லியில் குடிக்க 25 வயது ஆகியிருக்க வேண்டும். ஒருவர் வீட்டில் விஸ்கி, ரம் வகையறா 9 லிட்டர், பீர், ஒயின் 18 லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம். 2022-ல் ஒரு வீட்டில் 132 பாட்டில் பிடித்த வழக்கை டெல்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கே 25 வயது தாண்டியவர்கள் ஆறு பேர் இருந்ததால் கணக்கு சரியாகிவிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். குருகிராமில் மலிவு என்று பெட்டியோடு தூக்கி வந்தால் எக்சைஸ் கேஸ்தான்.

9 லிட்டர் என்றால் 750 மில்லியில் 12 பாட்டில். என் தட்டில் ஆறுதான் நிற்கும். வேண்டுமென்றே அப்படிச் செய்தேன்.

"கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால் அதிகம் குடிக்க மாட்டீர்களா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. வங்கியில் இருப்பவனுக்குத் தெரியும், கேஷ் கிரெடிட் லிமிட் எவ்வளவோ அவ்வளவும் இழுக்கிற பார்ட்டிகள் உண்டு. அதற்கு மருந்து லிமிட்டைக் குறைப்பதுதான். பத்து அடிக்கு விளக்கு போட்ட பார் செய்தால் அதை நிரப்பாமல் தூக்கம் வராது. நிரப்பினால் காலி செய்யாமல் வராது. ஆகவே ஒரு பாட்டில் தீர்ந்தால்தான் அடுத்தது. ஊற்றுவது 30 மில்லி அளவுக் கிண்ணத்தில், கண் மதிப்பில் கிடையாது. கதவுக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி அவளிடம். எங்கள் ஸ்ட்ராங் ரூம் மாதிரி ஜாயின்ட் கஸ்டடி. இரண்டு பேரும் இருந்தால்தான் திறக்கும்.

மகள் பத்தாவது படிக்கிறாள். அவள் கண்ணில் படலாமா என்று ஊரிலிருந்து அம்மா கேட்கிறார்கள். ஒளித்துக் குடித்து, பாக்கு மென்று, பொய் சொல்லி வருகிற அப்பாக்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். எங்களில் எத்தனை பேர் குடிக்காமல் இருக்கிறோம்? அப்பா எவ்வளவு குடிக்கிறார், எப்போது நிறுத்துகிறார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். அது தெரியும் என்பதே எனக்கும் ஒரு பூட்டு.

குடி நல்லது என்று சொல்ல வரவில்லை. எந்த அளவும் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. ஆரம்பித்தால் நிறுத்த முடியாதவர்களுக்கு இந்தப் பெட்டி விஷம். அவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்கட்டும். குடிக்காதவர்கள் இதே அளவில் ஒரு புத்தக அலமாரி செய்துகொள்ளலாம். ஆழம் 1 அடி, தாராளமாகப் போதும்.