விளம்பரத்தில் ஒரு விலை, பட்டியலில் இன்னொரு விலை

கம்பளையில் எங்கள் வீதியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சென்ற வாரம் ஒரு காகிதத்துடன் வந்தார். "முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தேன், தம்பி. இந்தக் கணக்கு மட்டும் புரியவில்லை" என்றார். அது அவருடைய வீட்டு இணைய இணைப்பின் முதற் கட்டணப் பட்டியல். மாதம் 1,990 ரூபா என்ற விளம்பரத்தைப் பார்த்து இணைப்பெடுத்தவரிடம் 4,012 ரூபா கேட்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசுவதற்காக எடுத்த இணைப்பு.

இருவரும் உட்கார்ந்து ஒரு மணிநேரம் அந்தக் காகிதத்தோடு மல்லுக்கட்டினோம். தவறு ஏதும் இல்லை என்பதுதான் நாங்கள் கண்ட முடிவு. யூன் 12ஆம் திகதி இணைப்புக் கிடைத்தது. மாத இறுதி வரையுள்ள 19 நாட்களுக்கு விகிதாசாரப்படி 1,260 ரூபா. வாடகையை முற்பணமாக அறவிடுவது வழக்கம் என்பதால் அடுத்த மாதத்துக்கு 1,990. ஆக 3,250. அதன்மேல் வரிகள். எல்லாம் சரி. ஆனால் இணைப்பை விற்க வந்த இளைஞர் இவற்றில் ஒன்றையேனும் அவரிடம் சொல்லவில்லை.

வரிக் கணக்கைச் சற்று விளக்கவேண்டும். இணையச் சேவைக்கு 2 சதவீத செஸ் வரி, 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. கூட்டினால் 22.5 வரவேண்டும். பட்டியலில் வருவதோ ஏறத்தாழ 23.45. காரணம், வரிக்கு மேல் வரி. சமூகப் பாதுகாப்பு வரி அந்த வரியையும் உள்ளடக்கிய தொகையின் மீது கணிக்கப்படுவதால் 2.5 என்பது 2.56 ஆகிவிடுகிறது. மற்றைய வரிகளும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கடைசியில் பெறுமதி சேர் வரி எல்லாவற்றின் தலையிலும் ஏறி உட்காருகிறது. இணையத்துக்கென இருந்த 10 சதவீதத் தொலைத்தொடர்பு வரி 2017 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. இல்லாவிடில் இன்னும் மோசமாக இருந்திருக்கும். தொலைபேசி அழைப்புகளுக்கு அந்த விமோசனம் கிடைக்கவில்லை. அங்கே 15 சதவீதம் சேர்ந்து மொத்த வரி 42ஐத் தொடுகிறது.

ஆக, 1,990 ரூபா என்று விளம்பரப்படுத்தப்படும் இணைப்பை 1,990 ரூபாவுக்கு இந்நாட்டில் ஒருவராலும் வாங்க முடியாது. அதன் விலை 2,457 ரூபா. வாங்கவே முடியாத ஒரு விலையைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டு, மூலையில் எறும்பு எழுத்தில் "வரிகள் தனி" என்று போடுவதற்குப் பெயர் என்ன? இடையிலுள்ள 467 ரூபா கொழும்பிலே இருப்போருக்கு ஒரு தேநீர்ச் செலவாக இருக்கலாம். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு, 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலியில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

வரி அடிக்கடி மாறுவதால் முழு விலையைப் போட முடியாதாம். மாறுவது உண்மைதான். 2019 நவம்பர் வரை 15 சதவீதமாக இருந்த பெறுமதி சேர் வரி, டிசெம்பரில் 8 ஆயிற்று; 2022 யூனில் 12, செப்டெம்பரில் மீண்டும் 15, 2024 ஜனவரியில் 18. ஆனால் அதே வரிதானே பற்றரிக்கும் சவர்க்காரத்துக்கும்? கம்பளைச் சந்தியிலுள்ள சிறு கடைக்காரர் உச்ச சில்லறை விலை அச்சிட்ட பொதியைத்தான் விற்கிறார். வரி கூடினால் பொதியில் புது விலை வருகிறது. கடுதாசிப் பொதியில் செய்ய முடிந்த காரியத்தைக் கணினித் திரையில் செய்ய முடியவில்லை என்று, கணினியால் பிழைக்கும் நிறுவனங்கள் சொல்கின்றன.

எனக்கு ஒரு பழைய நினைவு. எண்பதுகளில் கொழும்புக்குப் பேசவேண்டுமானால் தபாலகத்தில் 'டிரங்க் கோல்' பதிந்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். மூன்று நிமிடத்துக்கு இவ்வளவு என்று எழுத்தர் முதலிலேயே சொல்லிவிடுவார். இணைப்புக் கிடைக்க அரைநாள் போகும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். விலையில் மட்டும் குழப்பமிருக்கவில்லை. அந்தக் காலம் திரும்பவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

நிறுவனங்களைவிட எனக்கு அதிகக் கோபம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் மீதுதான். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் இயங்கும் இவ்வமைப்பின் அனுமதியின்றிக் கட்டணங்களை மாற்ற முடியாது. 2022 செப்டெம்பர் 5 முதல் தொலைபேசி, இணையக் கட்டணங்களை 20 சதவீதத்தால் உயர்த்த அனுமதித்தது இதே ஆணைக்குழு. நாடு வங்குரோத்தாகியிருந்த நேரம், உயர்வுக்கு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் ஒரே கையொப்பத்தில் நாடு முழுவதற்கும் விலையை உயர்த்த அதிகாரமுள்ளவர்கள், "விளம்பரத்தில் வரியுடன் கூடிய விலையே பெரிதாக இருக்கவேண்டும்" என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

பிரித்தானியாவில் 2016 ஒக்டோபர் இறுதியில் விளம்பரத் தர நிர்ணய அதிகாரசபை இதைத்தான் செய்தது. அதுவரை அங்குள்ள நிறுவனங்கள் இணையத்துக்கு ஒரு விலையைப் பெரிதாகக் காட்டி, தொலைபேசி இணைப்பின் வாடகையைத் தனியாக ஒளித்துவைத்தன. எல்லாவற்றையும் சேர்த்த மாதச் செலவையே காட்டவேண்டும் என்றதும் அடங்கிவிட்டன. லண்டனிலிருந்து வாசிக்கும் நண்பர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிக்கவேண்டாம். உங்கள் விளம்பரங்களின் ஓரத்திலும் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகத்தான் நிற்கிறது.

இன்னொன்று மொழி. ஆசிரியைக்கு வந்த பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கடைவீதியில் கொடுக்கல் வாங்கல் செய்யும் ஊர் இது. எங்கள் நகரில் மீன் விற்பவர்கூட இரண்டு மொழியில் விலை கூவுவார். நிறுவனத்தின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு அழைத்துத் தமிழுக்கான இலக்கத்தை அழுத்தினேன். பதினொரு நிமிடம் இசை கேட்டேன். பிறகு பேசிய பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. பாவம், அவர் என்ன செய்வார். நான் சிங்களத்தில் கேட்டு, தமிழில் ஆசிரியைக்குச் சொன்னேன். சிங்களம் தெரிந்த அயலவர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

ஆசிரியை 4,012 ரூபாவையும் கட்டிவிட்டார். கட்டாவிட்டால் துண்டிப்பார்கள், மீளிணைப்புக்கு வேறு கட்டணம் கேட்பார்கள் என்று அவருக்குப் பயம். கட்டியபின் என்னையும் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டு ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கேட்டவை மூன்றே. விளம்பரத்தில் வரியுடன் கூடிய விலை. இணைப்பெடுக்கும் நாளிலேயே முதல் மாதத் தொகையை எழுத்தில் தருதல். பட்டியல் எந்த மொழியில் வேண்டும் என்று விண்ணப்பப் படிவத்திலேயே கேட்டு, கேட்ட மொழியில் அனுப்புதல். பணத்தைத் திருப்பித் தரும்படி அவர் கேட்கவில்லை. திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போய்விட்டது. பதில் வந்தால் அதை இங்கே அப்படியே போடுகிறேன்.