நூற்றிருபதும் முப்பதும்

தகடூர் என்று பழந்தமிழ் வழங்கிய நிலமே இன்றைய தருமபுரி. நெடுவாழ்வு தரும் அருநெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஒளவைக்கு ஈந்த அதியமான் நெடுமானஞ்சி ஆண்ட மண் அது. அந்த மண்ணில்தான், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டு மாவட்டங்கள் அனைத்திலும் குறைந்த எழுத்தறிவைக் கண்டது. மாநிலம் முழுமைக்கும் நூற்றுக்கு எண்பதாக இருந்த எழுத்தறிவு, தருமபுரியில் 68.5 ஆகவே நின்றது. எனவே இம்மாவட்டத்துக்கு வேறெவரினும் மிகுதியாக வேண்டப்படுவோர் நல்ல தொடக்கப்பள்ளி ஆசிரியர்களே. அவ்வாசிரியர் ஆக விரும்பும் தகடூர்ப் பிள்ளையின் முன் தில்லி எத்தகைய வாயிலை எழுப்பி வைத்திருக்கிறது என்பதைத் தமிழ்மக்கள் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் 1-4-2010 முதல் நடைமுறைக்கு வந்தது. எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போர் அனைவரும் தகுதித் தேர்வில் தேறியிருத்தல் வேண்டும் என்று 23-8-2010இல் நடுவணரசின் ஆசிரியர் கல்விக் குழுமம் அறிவித்தது. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் நாடு முழுமைக்குமான தேர்வை 26-6-2011இல் முதன்முதலாக நடத்திற்று. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்குக் கற்பிப்போர் எழுதும் தாளில் 150 வினாக்கள். நேரம் இரண்டரை மணி. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், முதன்மொழி, இரண்டாம் மொழி, கணக்கு, சூழ்நிலையியல் ஆகிய ஐந்துக்கும் தலைக்கு முப்பது வினாக்கள். தேறுதற்குப் பொதுவாக நூற்றுக்கு அறுபது, அஃதாவது 90 மதிப்பெண் பெறல் வேண்டும்.

மொழித்தாள்களுக்குத் தமிழ் உள்ளிட்ட இருபது மொழிகளுள் இரண்டைத் தேர்ந்துகொள்ளலாம். “தமிழுக்குத்தான் இடங்கொடுத்திருக்கிறார்களே!” என்று கூறுவோர் இதனையே காட்டிக் கூறுகின்றனர். மொழித்தாள் இரண்டையும் நீக்கினால் எஞ்சும் 90 வினாக்களும் எம்மொழியில் அச்சாகின்றன என்று அவர்கள் பார்ப்பதில்லை. அவை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே உள்ளன. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளை, முதன்மொழியாக இந்தியை எடுத்துக்கொண்டால் 120 வினாக்களைத் தன் தாய்மொழியிலேயே படித்து விடை காணலாம். பாப்பாரப்பட்டியிலிருந்தோ அரூரிலிருந்தோ செல்லும் தமிழ்ப்பிள்ளை தன் தாய்மொழியில் காண்பவை முப்பதே. இந்திப் பிள்ளைமேல் இதில் குறையொன்றும் இல்லை. அவனுக்கு அவன் மொழியில் வினாத்தாள் கிடைப்பதே முறை. அந்த முறை தமிழனுக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது?

தமிழ்வழியிலேயே பன்னிரண்டாம் வகுப்பையும் ஆசிரியப் பட்டயத்தையும் முடித்த ஒரு பெண் இத்தேர்வுக்கு அணியமாவதை நினைத்துப் பார்க்க. பியாசே என்னும் சுவிட்சர்லாந்து உளவியலறிஞர் குழந்தையின் அறிவு வளர்ச்சியை நான்கு நிலைகளாகப் பகுத்ததை அவள் தமிழில் தெளிவாகக் கற்றவள். புதிய பட்டறிவுக்கு ஏற்பக் குழந்தை தன் பழைய கருத்தமைப்பை மாற்றிக்கொள்வதை எடுத்துக்காட்டோடு விளக்கவும் வல்லவள். அதே கருத்து வினாத்தாளில் ‘அக்காமடேசன்’ என்று ஆங்கிலத்தில் நிற்கிறது. அச்சொல்லை அவள் அதுவரை கண்டது தங்கும் விடுதிகளின் பெயர்ப்பலகையில்தான். குழந்தையின் உள்ளத்தைப் பற்றிய வினாவுக்கும் வாடகை அறைக்கும் என்ன தொடர்பு என்று அவள் திகைத்து நிற்க, மணி ஓடிக்கொண்டிருக்கிறது. நூற்றைம்பது வினாக்களுக்கு இரண்டரை மணி என்றால் ஒரு மணிக்கு அறுபது வினாக்கள். திகைப்பதற்கு அதில் இடமில்லை.

இன்னொரு சொல்லையும் காட்டலாம். குழந்தை தானே செய்யும் திறம் பெறும்வரை ஆசிரியர் தாங்கிநின்று, பின் சிறிது சிறிதாக விலகிக்கொள்ளுதலைப் புரூனரும் அவருடன் ஆய்ந்த இருவரும் 1976இல் ‘சுகாபோல்டிங்’ என்று பெயரிட்டனர். உருசிய அறிஞர் வைகாட்சுகியின் கொள்கையோடு இணைத்துத் தேர்வுதோறும் பயிலப்படும் சொல் இது. இதற்கு நேர் தமிழ் ‘சாரம்’. கட்டடம் எழும்பும்வரை மூங்கிலும் கயிறுமாகச் சுற்றி நின்று, சுவர் உறுதிப்பட்டபின் அவிழ்க்கப்படும் அதே சாரம்! தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து பெங்களூர்க்குக் கட்டட வேலைக்குச் சென்று, சாரம் கட்டியும் அதன்மேல் நின்று கல் அடுக்கியும் குடும்பங் காப்போர் பலர். அவர்தம் மகளுக்கு இக்கருத்தை விளக்க ஒரு வரியும் வேண்டா, சொல்லே போதும். ஆங்கிலச் சொல்லையோ அவள் உருப்போட்டாக வேண்டும். தந்தை நாள்தோறும் ஏறி இறங்கும் பொருள், மகளின் வினாத்தாளில் அயலாய் நிற்கிறது.

“ஆசிரியர்க்கு ஆங்கிலம் தெரிய வேண்டாவா?” என்பர். தெரிய வேண்டும் என்றே கொள்வோம். அதனை அளப்பதற்குத்தான் இரண்டாம் மொழித்தாளில் முப்பது வினாக்கள் தனியே இருக்கின்றனவே! கணக்குத் தாள் கணக்கறிவை அளக்கட்டும். இல்லையேல் ஒரே ஆங்கிலக் குறை நான்கு இடங்களில் நான்கு முறை ஒறுக்கப்படுகிறது. “நடுவணரசுப் பள்ளிகளில் பயிற்றுமொழி இந்தியும் ஆங்கிலமுந்தானே!” என்பது மற்றொரு விடை. தேர்வுக்கே தாயான கல்வியுரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பயிற்றுமொழி இயன்றவரை குழந்தையின் தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்கிறது. தேர்வின் பாடத்திட்டத்திலோ மொழியும் எண்ணமும் என்பது ஒரு பகுதி. பன்மொழிப் பிள்ளைகள் கூடிய வகுப்பில் மொழி கற்பிக்கும் இடர்ப்பாடுகள் என்பது மற்றொன்று. தாய்மொழியின் இன்றியமையாமையைத் தாய்மொழியல்லாத மொழியில் வினவுவதை நகைச்சுவை என்று தள்ளிவிடலாம், அதனால் வாழ்விழப்போர் இல்லையாயின்.

இருந்த முப்பதையும் பறிக்க 2018இல் ஒரு முயற்சி நடந்தது. அவ்வாண்டின் தேர்வு அறிவிப்பில் தமிழ் உட்படப் பதினேழு மொழிகள் நீக்கப்பட்டு இந்தி, ஆங்கிலம், சமற்கிருதம் என்னும் மூன்று மட்டுமே எஞ்சின. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சமற்கிருதத்தைத் தாய்மொழி என்று பதிந்தோர் 24,821 பேர். தமிழர் ஏறத்தாழ 6 கோடியே 90 இலக்கம். கண்டனக் குரல் எழுந்தது. சூன் 18ஆம் நாள், கல்வித்துறையை அன்று நடத்திய அமைச்சர் பிரகாசு சவடேகர், இருபது மொழிகளிலும் தேர்வு உண்டு என்று அறிவித்தார். சில நாள்களில் திரும்பப் பெறத்தக்க ஆணை, தமிழ்நாடு வாய்மூடியிருந்தால் நிலைத்திருக்கும்.

தமிழில் முழு வினாத்தாள் அச்சிடுதல் இயலாத செயலா? மருத்துவ நுழைவுத் தேர்வு தமிழிலும் நடக்கிறது. நடுவண் ஆய்தக் காவற்படைகளின் காவலர் தேர்வையும் இந்தி, ஆங்கிலம் அன்றி மேலும் பதின்மூன்று மொழிகளில் நடத்துவதாக 2023 ஏப்பிரலில் அறிவித்து, 2024இல் நடத்தியும் காட்டினர். தமிழ் அவற்றுள் ஒன்று. துமுக்கி ஏந்துவோனுக்குத் தமிழில் வினாத்தாள் உண்டு; அகரம் எழுதக் கைபிடித்துக் கற்பிப்பவளுக்கு இல்லை.

தில்லியைச் சாடிவிட்டுச் சென்னையைத் தப்பவிடுதல் முறையாகாது. தமிழ்நாட்டரசு 12-7-2012இல் நடத்திய முதல் தகுதித் தேர்வில் வினாக்கள் தமிழிலும் இருந்தன. ஆனால் 150 வினாக்களுக்கு ஒன்றரை மணியே கொடுத்தனர். ஆறரை இலக்கத்துக்கு மேற்பட்டோர் எழுதியதில் தேறியோர் 2,448 பேர். ஆசிரியர்க்கு அறிவில்லை என்று நாடே எள்ளியது. அவ்வாண்டு அக்டோபர் 14இல் நடந்த துணைத்தேர்வில் நேரம் மூன்று மணியாக்கப்பட்டது. தேறியோர் தொகை பன்மடங்கு உயர்ந்தது. ஏறத்தாழ மூன்று திங்களில் இத்தனை ஆயிரவர்க்கு அறிவு முளைத்ததா, அளவுகோல் நிமிர்ந்ததா? ஆண்டுக்கு ஒருமுறையேனும் தகுதித் தேர்வு நடத்துதல் வேண்டும் என்பது நெறியாயிருக்க, 2013க்குப் பின் 2017இல்தான் பொதுத் தேர்வு வந்தது. தமிழில் எழுதத்தக்க தேர்வைத் தமிழ்நாட்டரசே இவ்வாறு தள்ளிப்போட்டால், வேலை தேடும் இளையோர் தில்லியின் தாளை நோக்கித் திரும்புவதில் வியப்பில்லை.

1-9-2025இல் உச்ச நயன்மன்றம் வழங்கிய தீர்ப்போ இச்சிக்கலை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்துவிட்டது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் ஈராண்டுக்குள் தேறியாக வேண்டும் என்பது அதன் முடிபு. சித்தேரி மலையிலும் பென்னாகரத்துக் காட்டோரங்களிலும் இருபதாண்டு கற்பித்தவர்கள் இன்று தாங்களே மாணாக்கராகி இரவில் விளக்கருகே அமர்கின்றனர்.

வினாத்தாள் முழுமையும் தமிழில் வேண்டும் என்னும் கோரிக்கை தில்லியை எட்டி நிறைவேறும்வரை தேர்வெழுதுவோர் காத்திருக்க முடியாது. அவர்கள் முதலில் தமிழ்நூல்களில் கருத்தைத் தெளிந்து, பின்னரே அதற்குரிய ஆங்கிலச் சொல்லை அருகில் எழுதிப் பழகுவது நன்று. பயிற்சிக்கூடங்கள் பணம் பெற்றுக்கொண்டு தரும் கலப்புமொழிக் குறிப்புகள் இதனைச் செய்வதில்லை. ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிவிட்டால் விளக்கமாயிற்று என்று அவை கருதுகின்றன. குழந்தை வளர்ச்சிப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் கலைச்சொற்கள் சில நூறே. அவற்றுக்குத் தமிழும் ஆங்கிலமும் எதிரெதிரே வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரி எடுத்துக்காட்டுடன் சிறு பொத்தகம் ஒன்றைத் தருமபுரித் தமிழாசிரியர் நால்வர் அமர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். அச்சுச் செலவை ஊர்தோறும் உள்ள தமிழன்பர் பகிர்ந்துகொண்டால், தேர்வுக் கட்டணமே ஆயிரம் உருபா கட்டும் கூலியாள் வீட்டுப் பிள்ளைக்கு அதனை விலையின்றியே கொடுக்க இயலும்.