தேடவும் கற்றுத் தாருங்கள்

செயற்றிட்டம் ஒன்று தரப்பட்டால் பல வீடுகளில் நடப்பது இதுதான். பிள்ளை தலைப்பை அப்படியே கூகுளில் தட்டுவாள். முதலில் வருவதைப் பிரதி பண்ணுவாள். வீட்டில் வசதியில்லாவிட்டால் வாப்பா போட்டோக்கொப்பி கடைக்குப் போவார். கடைக்கார நானா தேடி, அச்சடித்து, பைண்டிங்கும் பண்ணித் தருவார். ஒரே வகுப்பில் நாலைந்து பேரின் செயற்றிட்டங்கள் எழுத்துப்பிழை உட்பட ஒன்றாக இருப்பது இதனால்தான். இதற்காக மாணவிகளைச் சோம்பேறிகள் என்று ஏசுவது நியாயமில்லை. கணினியின் பாகங்களைப் படிப்பிக்கிறார்கள், வலையமைப்பின் வகைகளைப் படிப்பிக்கிறார்கள். ஒரு விடயத்தை எப்படித் தேடுவது என்று எம்மை இருத்திவைத்துச் சொல்லித் தருபவர்கள் மிகக் குறைவு.

தமிழ்மொழி மூலம் கற்கும் எமக்கு இது இரட்டிப்புத் தேவை. அறிஞர் சித்திலெப்பையை எடுத்துக்கொள்வோம். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். முஸ்லிம் பெண்கள் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே பாடுபட்டவர். 1885இல் வெளிவந்த அவரது 'அசன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுகிறது. ஆனால் அவரது பெயரைச் 'சித்தி லெவ்வை' என்று எழுதுவோரும் உண்டு. நாவலை 'அஸன்பேயுடைய கதை' என்போரும் உண்டு. அவர் காலத்தில் எகிப்திலிருந்து இங்கு நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷாவோ பழைய ஆங்கில நூல்களில் 'அராபி' ஆகிவிடுகிறார். ஒரே எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடும் மாணவி, "இதைப் பற்றி ஒன்றுமே இல்லை" என்று எழும்பிவிடுவாள். இருப்பது அவள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். 2005 முதல் இயங்கும் 'நூலகம்' இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் ஏராளமாக உள்ளன. அவை படங்களாக ஏற்றப்பட்டிருப்பதால், உள்ளே உள்ள சொற்களைக் கூகுள் எப்போதும் கண்டுபிடித்துத் தராது. அந்தத் தளத்துக்கே போய் ஆசிரியர் பெயரால் தேட வேண்டும். இதைச் சொல்லித் தர ஐந்து நிமிடம் போதும்.

கிடைத்ததை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. செயற்றிட்டத்தின் கடைசிப் பக்கத்தில் 'உசாத்துணை: கூகுள்' என்று எழுதுகிறார்கள். கடிதம் எழுதியவர் யாரென்று கேட்டால் தபால்காரரின் பெயரைச் சொல்வது போன்றது இது. இந்த விடயத்தில் எமது சமூகத்துக்குப் புதிதாக எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஹதீஸ் கலையில் செய்திக்கு முன்னால் நிற்பது அறிவிப்பாளர் வரிசை. யார் சொன்னார், யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா என்று ஒவ்வொருவராக ஆராய்ந்தார்கள். அப்படி ஆராய்ந்துதான், கல்விக்காகச் சீனா வரை போகச் சொல்லும் செய்தியைப் பலவீனமானது என்றார்கள் அறிஞர்கள்; இட்டுக்கட்டப்பட்டது என்றவர்களும் உண்டு. எமது பேச்சுப் போட்டிகளிலோ அது இன்னும் முழங்குகிறது! சாட்ஜிபிடி வந்த பின் இந்த விசாரணை இன்னும் அவசியம். எழுதப்படாத புத்தகத்துக்கும் அது ஆசிரியர் பெயர் சொல்லிவிடும்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. பெண் பிள்ளையின் கையில் போன் இருந்தாலே பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் எமக்கு விளங்குகிறது. ஆனால் ஒளித்துவைத்த போனைப் பரீட்சை நெருங்கும்போது எடுத்துத் தந்து "தேடிப் படி" என்றால், எதைத் தேடுவது? பக்கத்தில் இருந்து, "இதை எழுதியவர் யார் மகள்?" என்று ஒரு தடவை கேளுங்கள். அதற்கு ஆங்கிலமும் வேண்டாம், கணினி அறிவும் வேண்டாம்.

ஆசிரியர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. மாதத்தில் ஒரு நூலகப் பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். செயற்றிட்டத்துக்குப் புள்ளியிடும்போது அட்டையின் அழகுக்குக் கொடுப்பதில் பாதியையாவது உசாத்துணைப் பக்கத்துக்குக் கொடுங்கள். முதல் தலைப்பாகச் சித்திலெப்பையையே தரலாம்.